மதனப்பள்ளியின் மந்த மாணவன்

பள்ளிக்கூடங்களில் வழங்கும் சொற்களுள் மிகக் கொடியது எது என்று என்னைக் கேட்டால், மந்தம் என்பதே என்பேன். வசைச் சொல் ஒரு நாளில் மறந்துபோகும். இது அப்படியன்று. ஒரு சிறுவன்மேல் ஒட்டிக்கொண்டால் அவன் வளர வளரத் தானும் வளரும். ஆசிரியர் சொன்னதை வீட்டார் சொல்வர். வீட்டார் சொல்வதை நாளடைவில் அவனே நம்பிவிடுவான். அந்தச் சொல்லைப் பதினான்கு வயது வரை சுமந்து திரிந்த ஒரு தெலுங்குச் சிறுவனின் வரலாற்றை இங்கே எழுதப் புகுகிறேன்.

அவன் பிறந்த ஊர் தொலைவில் இல்லை. திருப்பதியில் பேருந்து ஏறினால், பாகராப்பேட்டை மலைச்சாலையைக் கடந்து, பீலேர் வழியாக, சில மணி நேரத்தில் மதனப்பள்ளி வந்துவிடும். தக்காளிச் சந்தைக்குப் பேர்போன ஊர். ஹார்ஸ்லி மலைக்குச் செல்வோர் தேநீர் அருந்த இறங்கும் ஊர். அங்கே பிறந்தவர்தாம் உலகம் முழுவதும் சுற்றிப் பேசிய ஜிட்டு கிருஷ்ணமூர்த்தி என்பதை நம்மில் பலர் அறியார். நானும் முதுகலை இயற்பியல் படிக்கத் திருப்பதிக்கு வந்த பிறகே அறிந்தேன். அவர் பிறந்தபோது மதனப்பள்ளி கடப்பை மாவட்டத்தில் இருந்தது. 1911 இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது அதில் சேர்ந்தது. 2022 இல் மாவட்டங்களை மீண்டும் பிரித்தபோது அன்னமய்யா மாவட்டத்திற்குப் போனது. நூறாண்டுக்கு மேல் சித்தூர்ச் சீமையின் பிள்ளையாகவே எண்ணப்பட்டவரை நாமும் அப்படியே எண்ணுவதில் தவறில்லை.

1895 ஆம் ஆண்டு மே மாதத்தில் அவர் பிறந்தார். தந்தையார் நாராயணய்யா வருவாய்த் துறையில் பணியாற்றித் தாசில்தாராக உயர்ந்தவர். பிரம்மஞான சபையின் உறுப்பினர். தாயார் சஞ்சீவம்மா. எட்டாவது குழந்தை என்பதால், எட்டாவதாகப் பிறந்த கண்ணனின் பெயரையே வைத்தனர். தந்தையாருக்கு ஊர் ஊராக மாற்றல் வந்தது. குழந்தைக்கு இரண்டு வயதாகும்போது கடப்பையில் மலேரியாக் காய்ச்சல் கண்டு, பிழைப்பதே அரிது என்ற நிலை ஏற்பட்டது. பிழைத்தான், ஆனால் காய்ச்சல் அவனை விட்டுப் போகவில்லை. ஆண்டுக்கணக்கில் வந்து வந்து போயிற்று. ஓராண்டு முழுவதும் பள்ளிக்கே செல்லாமல் தாயின் அருகில் கிடந்தான்.

ஓராண்டு கழித்துத் திரும்பிய பிள்ளைக்காக வகுப்பு காத்திருக்கவா செய்யும்? பாடம் எங்கோ போய்விட்டது. அவன் விட்ட இடத்தை யாரும் குறித்து வைக்கவில்லை. இயல்பிலேயே அவன் கனவு காண்பவன். மேகத்தையும் எறும்பையும் பார்த்துக்கொண்டு நின்றால் நேரம் போவது தெரியாது. பலகையையும் பென்சிலையும் ஏழைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்கு வருவான். பாடத்தில் கவனம் நில்லாது. 1905 இல் தாயும் இறந்தாள். பத்து வயதுச் சிறுவனுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆசிரியர்கள் மந்தபுத்தி என்றனர். பிரம்பு தன் வேலையைச் செய்தது.

ஆனால் ஒரு நாள் நடந்ததைக் கேளுங்கள். தந்தையின் கடிகாரம் ஒன்றை அவன் பிரித்துப் போட்டான். சக்கரங்களையும் வில்லையும் தனித்தனியே எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பள்ளிக்கு வர மாட்டேன், சோறும் வேண்டா என்று பிடிவாதம். எல்லாவற்றையும் மீண்டும் பொருத்தி, கடிகாரத்தை முழுமையாக்கிய பிறகே எழுந்தான். கவனமே இல்லாத பிள்ளை என்று பெயர் வாங்கியவன் செய்த வேலை இது! அறிவியல் மாணவர்களாகிய நாம் ஆய்வுக்கூடத்தில் ஒரு கருவியைப் பிரித்தால் மீண்டும் பொருத்த உதவியாளரைத் தேடுகிறோம். அந்த வீட்டிலோ பள்ளியிலோ, இந்தப் பிள்ளைக்குக் கவனம் இருக்கிறது, அது வேறோர் இடத்தில் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

அதே காலத்து இன்னொரு மாணவரையும் இங்கே நினைத்துக்கொள்ளலாம். திருத்தணியில் பிறந்த இராதாகிருஷ்ணன் 1896 முதல் 1900 வரை இதே திருப்பதியில் லூத்தரன் மிஷன் பள்ளியில் படித்தார். உதவித் தொகை பெற்றே மேலும் மேலும் படித்துச் சென்றார். பின்னாளில் நாட்டின் குடியரசுத் தலைவரானார். அக்காலப் பள்ளி அத்தகையோருக்கு ஏற்ற சட்டையாக இருந்தது. கிருஷ்ணமூர்த்திக்கு அது பொருந்தவில்லை. சட்டை பொருந்தாவிட்டால் தையற்காரரைக் கேட்போம். பாடம் பொருந்தாவிட்டால் மட்டும் பிள்ளையைக் கேட்கிறோம்.

ஓய்வு பெற்றிருந்த நாராயணய்யா, 1909 சனவரியில் பிரம்மஞான சபையில் ஒரு பணியை ஏற்றுக்கொண்டு பிள்ளைகளோடு சென்னை அடையாற்றுக்கு வந்து சேர்ந்தார். சபை வளாகத்திற்கு வெளியே பழுதடைந்த ஒரு சிறு வீடு. அங்கிருந்து கிருஷ்ணனும் அவன் தம்பி நித்யானந்தனும் நாள்தோறும் மயிலாப்பூருக்கு நடந்து சென்று உயர்நிலைப் பள்ளியில் படித்தனர். தெலுங்கு பேசி வளர்ந்த பிள்ளைகளுக்குத் தமிழ் வழங்கும் ஊர். தம்பி மூன்று வயது இளையவன், மிகக் கெட்டிக்காரன். அண்ணனுக்கோ பழைய கதைதான். பதில் சொல்லத் தெரியாதபோது ஆசிரியர் அடித்து வகுப்பிற்கு வெளியே நிறுத்திவிடுவார். பிறகு அவனை மறந்தே போவார். அவனும் நின்றபடியே நிற்பான். பள்ளி விட்டதும் தம்பி வந்து கையைப் பிடித்து வீட்டிற்கு அழைத்துச் செல்வான்.

இதை முதன்முறை படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். என் தம்பியின் நினைவு வந்தது. எங்கள் ஊர் குடியாத்தம். 2012 இல் மாம்பழக்கூழ் ஆலையில் தந்தைக்கு வேலை கிடைத்ததால் சித்தூருக்குக் குடிபெயர்ந்தோம். அவ்வாண்டுதான் தம்பி முதல் வகுப்பில் சேர்ந்தான். வீட்டில் தமிழ், வகுப்பில் தெலுங்கு. நான் பெரியவன் ஆதலால் ஓராண்டில் அந்த மொழியைப் பிடித்துக்கொண்டேன். அவனுக்கு எழுத்துகள் நிலைகொள்ளவில்லை. பார்த்து எழுதும்போதே இடம் மாறிப்போகும். வாயால் சொல்லும் கணக்கைத் தாளில் எழுத வராது. மொழி மாறியதால் வந்த தடுமாற்றமா, எழுத்தை அடையாளம் காண்பதிலேயே உள்ள குறைபாடா என்று ஒருவரும் ஆராயவில்லை. வராந்தாவில் நிற்பான். எங்கள் வீட்டில் அழைத்துவரப் போகும் கை அண்ணனுடையது, அவ்வளவே வேறுபாடு.

அடையாற்றுக் கதைக்கு வருவோம். அவ்வாண்டு வசந்த காலத்தில் ஒரு மாலை, கடற்கரையில் குளிக்கச் சென்ற லெட்பீட்டர் என்னும் ஆங்கிலேயர் இச்சிறுவனைக் கண்டார். எலும்பு தெரியும் உடல், கோணலான பல், தலையில் பேன். லெட்பீட்டர் கண்டதோ வேறு. இவனைச் சூழ்ந்துள்ள ஒளியில் தன்னலத்தின் நிழலே இல்லை என்றும், உலக ஆசானுக்கு ஏற்ற பாத்திரமாக இவன் வளர்வான் என்றும் அவர் முடிவு செய்தார். உடனிருந்த எர்னஸ்ட் உட் திகைத்துப் போனார். பிள்ளைகளுக்கு வீட்டுப்பாடத்தில் உதவி வந்தவர் அவர். கிருஷ்ணனின் மந்தத்தை நேரில் அறிந்தவர். ஒளியைப் பற்றி எனக்குக் கருத்தில்லை. இயற்பியலில் அதை அளக்கும் கருவியும் இல்லை. பின்னால் நடந்ததே என் அக்கறை.

பள்ளியில் மீண்டும் பிரம்படி விழவே, தந்தையின் இசைவு பெற்றுச் சகோதரர் இருவரையும் லெட்பீட்டர் பள்ளியிலிருந்து நிறுத்தினார். அன்று முதல் இரண்டே பிள்ளைகளுக்காக ஒரு பாடத்திட்டம் நடந்தது. உட், ரிச்சர்ட் பால்ஃபர் கிளார்க், சுப்பிரமணிய ஐயர் முதலிய பலர் ஆசிரியர்கள். ஆங்கிலமே முதற்பாடம், கணக்கும் வரலாறும் அதனுடன். நீச்சல், மிதிவண்டி, பந்தாட்டம் ஆகியவற்றிற்கு நேரம் ஒதுக்கப்பட்டது. குளியல், உணவு, உறக்கம் எல்லாவற்றிற்கும் கணக்கு உண்டு. விளைவு என்ன? அவ்வாண்டு இறுதியில் அன்னி பெசன்ட் அம்மையார் வெளிநாட்டிலிருந்து திரும்பியபோது, சில மாதங்களுக்கு முன் வாய் திறவாதிருந்த பிள்ளை ஆங்கிலத்தில் பேசத் தொடங்கியிருந்தான். உடல் தேறியது, முகத்தில் தெளிவு வந்தது. மந்தம் எங்கே போயிற்று?

இன்று சிறப்புத் தேவையுடைய குழந்தைகளுக்குத் தனித்தனிப் பாடத்திட்டம் வேண்டும் என்று கல்வியாளர் கூறுகின்றனர். அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கட்டாயமாக்கியது: ஒவ்வொரு பிள்ளைக்கும் அவன் இருக்கும் நிலை எது, அடுத்து எட்ட வேண்டியது எது, அதற்கு என்ன உதவி என்று எழுதி வைத்தல் வேண்டும், பெற்றோரையும் கலந்துகொள்ளல் வேண்டும். அதற்கு வேர் இன்னும் பழையது. மரியா மாண்டிசோரி அம்மையார் மருத்துவம் படித்துவிட்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமாபுரியில் மனவளர்ச்சி குன்றியோர் எனப்பட்ட குழந்தைகளுக்குக் கற்பித்தார். தொட்டும் பொருத்தியும் கற்கும் பொருள்களைக் கொடுத்தபோது, அப்பிள்ளைகள் பிற பிள்ளைகள் எழுதும் தேர்வையே எழுதித் தேறினர். ஊரார் வியந்தனர். அம்மையாரோ, நலமான பிள்ளைகளைப் பள்ளிகள் எவ்வளவு கீழே அழுத்தி வைத்திருக்கின்றன என்று எண்ணி வருந்தினார். அவர் தம் குழந்தைகள் இல்லத்தைத் திறந்தது 1907 சனவரியில். ஏறத்தாழ அந்த நாள்களிலேதான் கிருஷ்ணனும் நித்யாவும் மதனப்பள்ளிப் பள்ளியில் சேர்ந்தனர். பின்னர் 1939 இல் அவ்வம்மையாரே அடையாற்றுக்கு வந்து, 1946 வரை இந்தியாவில் தங்கி, ஆயிரத்திற்கு மேற்பட்ட ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். முப்பது ஆண்டு முன்னதாக வந்திருக்கலாம்!

ஆயினும் அடையாற்றில் கிருஷ்ணமூர்த்திக்கு வகுத்த தனிப் பாடத்திட்டத்தை நான் புகழ மாட்டேன். அதில் பெரிய குறை ஒன்று இருந்தது. பாடம் அவனுக்காக அமைந்தது. போய்ச் சேரும் இடத்தையோ பிறர் முன்பே முடிவு செய்துவிட்டனர். அவன் என்ன ஆக விரும்புகிறான் என்று கேட்டவர் யார்? வாய் பிளந்து நின்றான் என்பதற்காக லெட்பீட்டர் ஒரு முறை மோவாயில் அறைந்தார். பள்ளியின் பிரம்பிலிருந்து மீட்டவரே கை ஓங்கினார். அத்தோடு அவர்மேல் இருந்த பற்று தமக்கு அறுந்துவிட்டது என்று கிருஷ்ணமூர்த்தி முதுமையிலும் நினைவுகூர்ந்தார். லெட்பீட்டர்மீது முன்பே குற்றச்சாட்டு எழுந்து, 1906 இல் அவர் சபையை விட்டு விலக நேர்ந்ததும் உண்டு. பிள்ளைகள் தம் கையை விட்டுப் போவதைக் கண்ட தந்தை 1912 இல் வழக்குத் தொடுத்தார். சென்னையில் அவர் வென்றார். இலண்டன் பிரிவி கவுன்சிலில் 1914 இல் பெசன்ட் அம்மையார் வென்றார். அதற்குள் பிள்ளைகள் இங்கிலாந்தில் இருந்தனர்.

இன்னோர் இழப்பும் உண்டு. தமிழ் மன்றத்து மலரில் அதைச் சொல்லாமல் விட முடியாது. கிருஷ்ணமூர்த்தி தம் தாய்மொழியான தெலுங்கை மறந்தே போனார். மதனப்பள்ளித் தெருவில் தாய் பேசிய மொழி, அவர் வளர்ந்த பிறகு அவர் நாவில் வரவில்லை. பிள்ளைக்கென்று அளவெடுத்துத் தைத்த பாடத்தில் தாய்மொழிக்கு இடம் வைக்க மறந்தனர். அல்லது வேண்டியதில்லை என்று எண்ணினர். எது ஆயினும் எனக்கு மனம் ஒப்பவில்லை.

இங்கிலாந்தில் தேர்வுகள் காத்திருந்தன. ஆக்ஸ்போர்டுக் கல்லூரிகள் இடம் தர மறுத்தன. இலண்டன் பல்கலைக் கழகத்தின் மெட்ரிகுலேஷன் தேர்வை எழுதி எழுதித் தோற்றார். ஒரு முறை வெறுந்தாளையே கொடுத்துவிட்டு வந்தார் என்பர். தம்பி நித்யா சட்டம் படித்துத் தேறினார். நம் பெற்றோர் யாரேனும் அந்த வீட்டில் இருந்திருந்தால், தம்பியைப் பார், தம்பியைப் பார் என்று சொல்லியே கொன்றிருப்பர். ஆனால் அந்தச் சகோதரர்களிடையே பொறாமை முளைக்கவில்லை. 1925 நவம்பரில் நித்யா காசநோயால் கலிபோர்னியாவில் இறந்தபோது, அண்ணன் கப்பலில் இந்தியாவை நோக்கி வந்துகொண்டிருந்தார். செய்தி நடுக்கடலில் எட்டியது. பல நாள் கதறி அழுதார். வராந்தாவிலிருந்து அழைத்துச் சென்ற கை போய்விட்டது. தம்பி பிழைப்பான் என்று உறுதி கூறியிருந்த பெரியோர்கள்மீதும், அவர்கள் தமக்காக எழுதிவைத்த விதியின்மீதும் இருந்த நம்பிக்கை அத்துடன் சரிந்தது.

1929 ஆகஸ்டு 3 ஆம் நாள் ஆலந்து நாட்டில் ஓமன் என்னும் ஊரில் கூடியிருந்த ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில், தம்மைத் தலைவராக வைத்து 1911 முதல் நடந்துவந்த விண்மீன் சங்கத்தை அவரே கலைத்தார். நிலத்தையும் கோட்டையையும் கொடுத்தவர்களிடமே திருப்பினார். தாம் எவருக்கும் ஆசான் அல்லர் என்றும், உண்மைக்கு வகுத்த வழி கிடையாது என்றும் அறிவித்தார். இதைப் பெரும்பாலோர் சமயச் செய்தியாகப் படிக்கின்றனர். நான் இதை ஒரு மாணவனின் விடுதலையாகப் படிக்கிறேன். பிறர் குறித்த இலக்குள்ள பாடத்திட்டத்தை முப்பத்து நான்கு வயதில் அவர் கிழித்துப் போட்டார்.

இதற்கிடையே 1920களின் நடுவில் அவர் பள்ளிக்கு இடம் தேடிப் பிறந்த மண்ணுக்கு வந்திருந்தார். மதனப்பள்ளியிலிருந்து சுமார் பத்து மைல் தொலைவில், பாறைக் குன்றுகள் சூழ்ந்த வறண்ட பள்ளத்தாக்கு ஒன்றும் பெரிய ஆலமரமும் அவருக்குப் பிடித்தன. ரிஷி வேலி என்று பெயராயிற்று. 1930களின் தொடக்கத்தில் பள்ளி அங்கே நடக்கலாயிற்று. பின்னர்க் காசியில் இராஜ்காட், இங்கிலாந்தில் புரோக்வுட் பார்க், சென்னையில் ஒரு பள்ளி, கலிபோர்னியாவில் ஒன்று என்று பள்ளிகள் பெருகின. ஊர் ஊராகப் பேசித் திரிந்தவர் இப்பள்ளிகளுக்கு வந்து, ஆசிரியரோடும் மாணவரோடும் அமர்ந்து பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டார். மெட்ரிகுலேஷன் தேறாதவர் பள்ளி நிறுவினார் என்று சிரிப்பதா, அதனால்தான் நிறுவினார் என்று கொள்வதா? இரண்டாவதையே நான் கொள்கிறேன்.

1953 இல் அவர் கல்வியைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அதில் அவர் வற்புறுத்துவனவற்றை என் சொற்களில் கூறுகிறேன். ஒரு பிள்ளையை மற்றொரு பிள்ளையோடு ஒப்பிடும் அந்த நொடியிலேயே இருவருக்கும் கேடு செய்கிறோம். அச்சத்தால் அறிவு மழுங்குமே அன்றிக் கூராகாது. ஆசிரியர் தம் கொள்கைக்கு ஏற்பப் பிள்ளையை வளைக்காமல், ஒவ்வொருவனையும் உற்று நோக்கி, அவன் இயல்பையும் இடரையும் அறிதல் வேண்டும். இதற்குச் சிறிய பள்ளியும் சிறிய வகுப்பும் வேண்டும். கூட்டத்தை உற்று நோக்க யாராலும் இயலாது. சிறப்புத் தேவையுடைய பிள்ளைகளுக்கென்று தனியே அவர் பாடத்திட்டம் எதுவும் எழுதவில்லை. எழுதியிருக்கவும் மாட்டார், முறை, திட்டம் என்ற சொற்களைக் கண்டாலே அவருக்கு ஐயம்.

இந்த இடத்தில் நான் அவரோடு மாறுபடுகிறேன். முறையே வேண்டா, உற்று நோக்கும் ஆசிரியர் போதும் என்பது ரிஷி வேலியில் நடக்கும். அது விடுதிப் பள்ளி. கட்டணம் செலுத்த இயன்ற குடும்பத்துப் பிள்ளைகளே பெரும்பாலும் சேர்வர். ஐந்து வகுப்புக்கும் ஓர் ஆசிரியர் என்றிருக்கும் சிற்றூர்ப் பள்ளியில், நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவர் யாரை உற்று நோக்குவார்? வேலியின் அந்தப் பக்கத்தில் நிலக்கடலைக் காட்டில் வேலை செய்தவர் பிள்ளைகளுக்கு ஒரு வழி வேண்டும். அந்த வழி, அவர் கண்ணை மூடிய காலத்தையொட்டித்தான் பிறந்தது.

1985 இறுதியில் அவர் கடைசி முறையாக ரிஷி வேலிக்கு வந்தார். 1986 சனவரி 4 ஆம் நாள் சென்னை வசந்த விகாரில் தம் இறுதிச் சொற்பொழிவை நிகழ்த்தினார். பிப்ரவரி 17 ஆம் நாள் கலிபோர்னியாவில் ஓஹாய் என்னுமிடத்தில், தொண்ணூறாம் வயதில், கணையப் புற்றுநோயால் மறைந்தார்.

1980களின் இறுதியில் ராமா, பத்மநாப ராவ் என்னும் ஆசிரிய இணையர் ரிஷி வேலியைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் சிறு பள்ளிகளை அமைக்கலாயினர். பாடநூலைப் பிரித்து நூற்றுக்கணக்கான அட்டைகளாக்கினர். கடிகாரத்தைப் பிரித்த பையனை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் அட்டைக்கும் ஒரு சின்னம்: விலங்கு, பறவை, கையாளும் பொருள் என்று. சுவரில் ஓர் ஏணி வரைந்திருக்கும். அதில் அதே சின்னங்கள் படிப்படியாக ஏறும். சில படிகள் சேர்ந்தால் ஒரு மைல்கல். ஒன்றை அறிமுகம் செய்ய ஓர் அட்டை, பழக ஓர் அட்டை, தெரிந்ததா என்று பார்க்க ஓர் அட்டை. தெரியவில்லையானால் திரும்பப் பழக வேறோர் அட்டை. பிள்ளை தானே ஏணியைப் பார்த்துத் தன் அட்டையை எடுத்துக்கொள்வான். ஆசிரியர் துணை வேண்டிய படிக்கு ஆசிரியரோடு, தோழன் துணை போதும் என்ற படிக்குத் தோழனோடு அமர்வான். வயது வேறு வேறான பிள்ளைகள் ஒரே பாயில் இருப்பர். எவரும் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர்; ஒவ்வொருவரும் தத்தம் படியில் நிற்பர். இவற்றையெல்லாம் ஒரு பெட்டிக்குள் அடக்கிப் பெட்டிப் பள்ளி என்றே வழங்கினர்.

இதில் என்னை மிகவும் கவர்ந்தது ஒன்று. அறுவடைக்கோ ஆடு மேய்க்கவோ போய்விட்ட பிள்ளை, அல்லது காய்ச்சலில் கிடந்த பிள்ளை, இரண்டு மாதம் கழித்து வந்தாலும் விட்ட அட்டையிலிருந்து தொடங்கலாம். ஏணி அவனுக்காக அங்கேயே நிற்கும். 1890களின் இறுதியில் கடப்பைச் சீமையில் மலேரியாவோடு போராடிய அந்தக் குழந்தைக்கு வேண்டியிருந்தது இதுவே அன்றோ!

இந்த ஏணியை நம் நாட்டார் போய்ப் பார்த்தனர். சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார் காலத்தில், 2003 இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் இது தொடங்கியது. செயல்வழிக் கற்றல் என்று பெயர் பெற்று, 2007-08 இல் தமிழ்நாட்டின் அரசு தொடக்கப் பள்ளிகள் அனைத்திற்கும் பரவியது. பிறகு அதன் வடிவம் மாறியது; குறை சொன்னோரும் பலர். அட்டைகள் கிழிந்தால் மாற்று வருவதில்லை என்றும், ஆசிரியருக்குப் பதிவேடே வேலையாகிவிட்டது என்றும் சொன்னார்கள். இருக்கலாம். அதில் படித்த பிள்ளை என்ற முறையில் எனக்கும் ஒரு வாக்கு உண்டு. 2008 இல் குடியாத்தத்தில் முதல் வகுப்பில் சேர்ந்தேன். தரையில் பாய், தலைக்கு மேலே எங்கள் தாள்களைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல், சுவரைச் சுற்றிலும் எங்கள் உயரத்திற்கே தீட்டிய கரும்பலகைக் கட்டங்கள், ஆளுக்கு ஒன்று. வருகையை நாங்களே குறித்துக்கொள்வோம். கழித்தலில் நான் நெடுநாள் ஒரே படியில் நின்றேன். நிற்கிறேன் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. பிறகு ஏறினேன். அந்த ஏணி மதனப்பள்ளிக்கருகே ஒரு பள்ளத்தாக்கிலிருந்து வந்தது என்பதை அன்று யார் அறிந்தார்?

ஏணி எல்லாக் குறையையும் தீர்க்கும் என்று சொல்ல வரவில்லை. காது கேளாத பிள்ளைக்குச் சைகை அறிந்த ஆசிரியர் வேண்டும். பார்வையற்ற பிள்ளைக்குப் புள்ளி எழுத்து வேண்டும். எழுத்துத் தடுமாறும் பிள்ளைக்கு அதை இனங்காணும் பயிற்சி பெற்றவர் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்தது. பாடத்திட்டத்தையும் தேர்வையும் அத்தகைய பிள்ளைக்கு ஏற்ப மாற்ற வேண்டும் என்றும், தேர்வில் கூடுதல் நேரம் தரலாம், இரண்டாம் மூன்றாம் மொழிப்பாடத்திலிருந்து விலக்கு அளிக்கலாம் என்றும் கூறுகிறது. என் தம்பி பத்தாம் வகுப்புத் தேர்வில் தெலுங்கு, இந்தி, ஆங்கிலம் மூன்றோடும் மல்லுக்கு நின்று தோற்றபோது அந்தச் சட்டத்திற்கு ஐந்தாறு வயது ஆகியிருந்தது. எங்கள் வீட்டில் யாருக்கும் தெரியாது. நான் அப்போது கல்லூரியில் இருந்தேன், எனக்கும் தெரியாது. இதை எழுதக் கூச்சமாகவே இருக்கிறது.

அவன் இப்போது சித்தூரில் ஒரு கடைசல் பட்டறையில் வேலை செய்கிறான். நூலளவு பிசகாமல் இரும்பைக் கடைகிறான் என்று அங்கே பெயர்.

சென்ற ஆண்டு கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவிற்குக் குடியாத்தம் சென்றோம். கோடை விடுமுறை, பள்ளி பூட்டியிருந்தது. தெரிந்தவர் ஒருவர் சாவி வைத்திருந்தார். வகுப்பறையில் அட்டைகள் இல்லை, ஏணியும் இல்லை. சுவரில் கரும்பலகைக் கட்டங்கள் மட்டும் சாயம் வெளுத்துப்போய் இருந்தன. தம்பி குனிந்து, தரையிலிருந்து அவற்றின் உயரத்தைச் சாணால் அளந்தான். உன்னுடையது எது என்று கேட்டான். சன்னலுக்கு அடுத்ததைக் காட்டினேன். பையிலிருந்து பட்டறைச் சுண்ணக்கட்டியை எடுத்து அதில் தன் பெயரைத் தமிழில் எழுதினான். மெதுவாகத்தான் எழுதினான். நான் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தேன். சித்தூருக்குக் கடைசிப் பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.